ஸ்பூன் இல்லாத சாம்பல்

அத்தியாயம் 6

"கொலை எத்தனை மணிக்கு நடந்தது?" என்று கேட்டாள் என் நாத்தனார்.

படகுக்காரி சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த, பெயிண்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ்ஷை எடுத்து, அதன் தலையில் இருந்த கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தை எங்கள் பக்கம் சாய்த்தாள். உள்ளே சாம்பல் நிறப் பெயிண்ட் திரிந்துபோய், ரப்பர் துணுக்குகளாகச் சுருண்டு கிடந்தது. யாரோ மழை மேகத்தை மென்று துப்பியதுபோல் இருந்தது.

"காலைல ஒன்பது மணிக்கு," என்றாள். "சவம் அதோ இருக்கு."

மேஜையின் மறுகோடியில் அது இருந்தது. என் கை நீளத்துக்கு ஒரு தூர்வாரும் கப்பல். மேல்தளம் முழுவதையும் டேப் ஒட்டி மூடியிருந்தாள். திறந்திருந்த உடற்பகுதியில் சீராக விழுந்திருக்க வேண்டிய நிறம், குளிரில் புல்லரித்த தோல் மாதிரி புள்ளிபுள்ளியாகப் பிடித்திருந்தது. இரண்டு இடங்களில் நூலாகத் தொங்கியது.

படகுக்காரி என்பது மாடல் செய்பவர்கள் சங்கத்தில் அவளுக்கு வைத்த பெயர். பகலில் ஒரு டென்டல் லேபில் செயற்கைப் பற்கள் செய்கிறாள். மற்ற நேரமெல்லாம் கப்பல். துறைமுக அருங்காட்சியகம் தன் புதிய கூடத்துக்குப் பன்னிரண்டு கப்பல் மாடல்கள் செய்ய ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. மூன்று வருட வேலை. கடைசிச் சுற்றில் மிஞ்சியிருப்பது இரண்டு பேர்: இவள், இவளுடைய பழைய தோழி சொட்டு. பெயிண்டைக் கண்ணளவாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நாளைக் காலை பத்து மணிக்கு இருவரும் தங்கள் கப்பல்களைக் கொண்டுபோய்த் தேர்வுக் குழுவின் முன்னால் வைக்க வேண்டும்.

"சொட்டுதான் செஞ்சா," என்றாள் படகுக்காரி. "எனக்கு யாருன்னு நீங்க கண்டுபிடிக்க வேணாம். அவதான்னு நிரூபிச்சுக் குடுத்தா போதும். குழுச் செயலாளர்கிட்ட காலைலயே ஃபோன்ல சொல்லிட்டேன். அவ பேரை நிறுத்தி வச்சிருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள எழுத்துல, ஆதாரத்தோட குடுத்தா நீக்கிடுவாங்க."

"குடுக்கலைன்னா?"

"அவ கப்பல் உள்ள போகும். என் கப்பல் இப்படியே போகும்."

"ரெண்டு மணி ஆச்சு," என்றாள் நாத்தனார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. "கொலைகாரி யாருன்னு முன்னாடியே சொல்லிட்டு ஆதாரத்தைத் தேடச் சொல்ற கேஸ் இதுதான் அண்ணி நமக்கு முதல் தடவை. பரீட்சைக்கு விடையை மட்டும் குடுத்து, கேள்விய எழுதிட்டு வான்னு சொல்ற மாதிரி."

படகுக்காரி அவளைப் பார்த்து முதல்முறையாக லேசாகப் புன்னகைத்தாள். எல்லாரும் அப்படித்தான். இரண்டு வருடமாக நான் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில், என் கணவரின் தங்கை உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வருகிறவர்கள் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு வாரப் பத்திரிகை எங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியது. அதில் அவள் படம் உள்ளங்கை அளவு. ஓரத்தில் என் முழங்கை வந்திருந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கோப்புக்காக என்று சொல்லிக்கொண்டேன். எந்தக் கோப்பையும் நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"அவ எப்ப வந்தா?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை. என்கிட்ட வாங்கின ஏர்பிரஷ் ஊசியைத் திருப்பிக் குடுக்கறேன்னு வந்தா. இந்த அறைலதான் உக்காந்தா. நான் காபி போட உள்ள போனேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். அது போதும்ங்க. அஞ்சு நிமிஷத்துல ஒருத்தி ஒரு அலமாரியையே படிச்சிடலாம்."

நான் அந்தக் கடைசி வாக்கியத்தை நோட்டில் எழுதினேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நாத்தனார் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தாள். அவள் பதினான்கு வருடம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவள். பெயிண்டை இளக்கப் பயன்படுத்திய பாட்டிலைத் திறந்து, மூக்குக்கு நேராகப் பிடிக்காமல், கையால் காற்றை விசிறி முகர்ந்தாள்.

"ஆல்கஹால். ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சுல தொட்டுத் துடைப்பாங்களே, அதே சாமான். சுத்தமா இருக்கு. எதுவும் கலக்கல."

"அப்போ பெயிண்ட்ல கலந்திருக்கா," என்றாள் படகுக்காரி உடனே.

சாம்பல் பெயிண்ட் ஒரு சிறிய பிளாஸ்டிக் சொட்டு பாட்டிலில் இருந்தது. கண்ணுக்கு மருந்து விடும் பாட்டிலைப் போல மூக்கு நீண்டது. நான் அலமாரியைப் பார்த்தேன். ஐம்பதுக்குக் குறையாத பெயிண்ட்கள், எல்லாம் திருகு மூடி போட்ட குட்டிக் கண்ணாடி ஜாடிகள். அவற்றுக்கு முன்னால், புதுப் பள்ளியில் முதல் நாள் நிற்கும் பிள்ளைகள் மாதிரி, மூன்றே மூன்று சொட்டு பாட்டில்கள். இரண்டு சாம்பல், ஒரு வெள்ளை. சாம்பலில் ஒன்று திறந்தது. இன்னொன்றின் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் உடையாமல் இருந்தது.

"பெயிண்ட் மாத்தினீங்களா?"

"ஆமா."

"ஜாடில இருக்கறதும் அக்ரிலிக், இதுவும் அக்ரிலிக்தானே?"

"பேர்தான் ஒண்ணு. கம்பெனி வேற. இது இன்னும் மெல்லிசா விழும். சின்ன மாடலுக்குப் பெயிண்ட் தடிமனாவே தெரியக் கூடாது. ஆணித்தலை அளவு விவரம் எல்லாம் மூடிப் போயிடும்."

"யார் சொன்னாங்க இது மெல்லிசா விழும்னு?"

"எல்லாரும் சொல்றாங்க."

நாத்தனார் திறந்த சாம்பல் பாட்டிலையும் முகர்ந்துவிட்டு, லேபிளை வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுல, 'எங்கள் தின்னரை மட்டுமே பயன்படுத்தவும்'னு போட்டிருக்கே."

"எந்தக் கம்பெனிதான் அப்படிப் போடல? ஜாடிலயும்தான் போட்டிருக்கு. பதினோரு வருஷமா நான் ஆல்கஹால்தான் ஊத்தறேன். ஒரு நாளும் கெட்டதில்ல. இதுக்கும் ஆல்கஹால் ஒத்துவரும். எனக்குத் தெரியும்."

'எனக்குத் தெரியும்' என்றபோது அவள் குரல் சற்று வேகமாக வந்து விழுந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

சுவரில் பிளாஸ்டிக் ஸ்பூன்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு நிறம். காம்பில் பேனாவால் எழுதிய தேதி, பெயிண்ட் எண், எத்தனை பங்கு ஆல்கஹால், எவ்வளவு காற்றழுத்தம்.

"இது என்ன, ஆஸ்பத்திரி கேன்டீனா?" என்றாள் நாத்தனார்.

"எந்தப் பெயிண்டையும் நேரா மாடல்ல அடிக்க மாட்டேன். முதல்ல ஸ்பூன்ல அடிச்சுக் காய வச்சுப் பார்ப்பேன். ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம் காட்டும். வெள்ளைக்குக்கூட ஒரு ஸ்பூன் இருக்கு பாருங்க. ஸ்பூன் இல்லாம ஒரு பெயிண்ட் என் கப்பலைத் தொட்டதில்ல."

கடைசி ஸ்பூனின் தேதியைப் படித்தேன். நான்கு மாதம் முந்தையது. வளையம் உடையாத சாம்பல் பாட்டிலை எடுத்து, "இது கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கட்டும்," என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெளியே வரும்போது அவள் கணவர் தாழ்வாரத்தில், ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் நீர்ப்பிடிப்பானைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆள் சிக்குமாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "காலைலேருந்து அவ ஒரு வாய் சாப்பிடல."

"சிக்கிடும்," என்றேன். எனக்கே ஏனோ அந்தப் பதில் பிடிக்கவில்லை.

சொட்டு, கடைத்தெருவில் ஒரு போட்டோ ஃபிரேம் கடையின் பின்னறையில் வேலை செய்கிறாள். நாங்கள் போனபோது அட்டை வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள். ஒடிசலான உடம்பு. பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிற வழக்கம், சொற்களையும் எண்ணித்தான் விடுகிறாள் போல.

"செயலாளர் ஃபோன் பண்ணார். உங்க பேரை நிறுத்தி வச்சிருக்கோம்னார். ஏன்னு கேட்டேன். அஞ்சு மணிக்கு மேல சொல்றேன்னார். ஆறு மாசம் பண்ணின கப்பல்ங்க. ஏன்னுகூடக் கேக்கக் கூடாதா?"

நான் காரணத்தைச் சொன்னேன். அவள் கத்தியை வைத்தாள்.

"நானா? அவ பெயிண்ட்ல நானா?"

"செவ்வாய்க்கிழமை அஞ்சு நிமிஷம் தனியா இருந்தீங்க."

ஒரு நொடி. இரண்டு நொடி. "இருந்தேன்," என்றாள். "அலமாரி பக்கம் போகல."

"பின்ன எந்தப் பக்கம் போனீங்க?" என்றாள் நாத்தனார். "அஞ்சு நிமிஷம் ஒரு அறைல தனியா இருந்தா, நான்லாம் ஜன்னல் திரையைக்கூட விட்டு வைக்க மாட்டேன்."

சொட்டு எழுந்து, மூலையில் இருந்த மேஜையை மறைத்த துணியை விலக்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கலங்கரை விளக்கச் சேவைக் கப்பல். நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பாகத்தின் சாம்பல் நிறம் பூசியதாகவே தெரியவில்லை. அந்தப் பொருளே அந்த நிறத்தில் பிறந்ததுபோல் இருந்தது. நீண்ட நாள் கடலில் நின்ற இரும்பை, கரையில் நின்று பார்த்தால் தெரியும் லேசான வெளுப்பு அதில் இருந்தது.

மேஜையின் மேல் சொட்டு பாட்டில்கள் வரிசையாக நின்றன. அதே கம்பெனி. அதே மூக்கு. பக்கத்திலேயே ஒரு பெரிய பாட்டில் ஆல்கஹால்.

"உங்களுக்கு மட்டும் எப்படித் திரியாம வருது?" என்று கேட்டேன். "அதே பெயிண்ட், அதே ஆல்கஹால்."

"அதே பெயிண்ட் இல்லையே," என்றாள் அவள், குழப்பமாக.

அதற்குள் நாத்தனார் ஒரு பாட்டிலை எடுத்து, விரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு, முகர்ந்தாள். அவள் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"அண்ணி, இங்க வாங்க. படகுக்காரி வீட்டுப் பாட்டில் கிட்டத்தட்ட வாசனையே இல்லாம இருந்தது. இது சுள்ளுன்னு ஏறுது. உடம்பு ஒருத்தரோடது, சட்டை இன்னொருத்தரோடது."

சொட்டு தலையசைத்தாள். "சட்டைதான் அது. காலிப் பாட்டில். சங்கத்துல ஒருத்தர் தூக்கிப் போடறதை வாங்கி, கழுவி வச்சுக்குவேன். நான் அடிக்கறது எப்பவும் கண்ணாடி ஜாடில வர்ற பெயிண்ட்தான், அவ அடிக்கற அதே பெயிண்ட். ஜாடில சொட்டு எண்ண முடியாதே. அதனால இதுல மாத்தி ஊத்திக்குவேன். மூணு வருஷமா இப்படித்தான்."

"இந்தப் பாட்டில்ல முதல்ல வந்த பெயிண்ட்ல ஆல்கஹால் ஊத்தினா?"

"திரிஞ்சிடும். அது தண்ணியில கரையற வகை. ரெண்டுக்கும் அக்ரிலிக்னுதான் பேரு, ஆனா ஒண்ணுக்கு மருந்து இன்னொண்ணுக்கு விஷம். அந்த வகையை ஒரு தடவை தொட்டவங்களுக்குத் தெரியும். தொடாதவங்களுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு நிறுத்தினாள். எனக்குப் புரிந்தது அவளுக்கும் புரிந்தது. "அவ மூணு வாரம் முன்னாடி இங்க வந்திருந்தா," என்றாள் மெதுவாக. "நான் காபி போட உள்ள போனேன்."

அஞ்சு நிமிஷத்துல ஒருத்தி ஒரு அலமாரியையே படிச்சிடலாம். நோட்டைப் புரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. தான் செய்ததைத்தான் அவள் தோழியின் மேல் ஏற்றியிருந்தாள், நிமிடக் கணக்குகூட மாறாமல். இதை நான் தர்க்கத்தால் மட்டும் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். நாத்தனார் என் இழுப்பறையைத் திறந்து பார்ப்பாளோ என்று ஒரு வாரமாகப் பூட்டிவைத்திருக்கிறேன். போன வாரம் அவளுடைய கைப்பையைத் திறந்து, அந்தப் பத்திரிகைக்காரன் மறுபடி ஏதாவது எழுதிக் கேட்டிருக்கிறானா என்று தேடியது நான்.

"நீங்க செவ்வாய்க்கிழமை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "இன்னும் அதைச் சொல்லல."

சொட்டு தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்து மேஜையில் வைத்தாள். அதன் வயிற்றில் அவள் கப்பலின் சாம்பல்.

"இதைக் கொண்டு போயிருந்தேன். அவ சுவர்ல ஒரு ஸ்பூன் இருக்கு, மேல் வரிசைல நாலாவது. மூணு வருஷம் முன்னாடி அவ பண்ணின இழுவைப் படகோட சாம்பல். அதுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அந்தப் படகைப் பார்த்த அன்னிக்கு வீட்டுக்குப் போய் என்னோட மாடல் ஒண்ணைக் குப்பைல போட்டேன். அதிலேருந்து அந்தச் சாம்பலைத்தான் கலந்துக்கிட்டிருக்கேன். இந்தக் கப்பல்ல பதினோராவது முறை. கிட்ட வந்திருக்கு. அது இல்ல. அவளோடதுல ஏதோ ஒரு சூடு இருக்கு. எத்தனை சொட்டு எதைப் போட்டாலும் எனக்கு அது வரல."

நாத்தனார் அந்த ஸ்பூனை எடுத்து, கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அவகிட்ட கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டா சொல்லியிருப்பா. அதான் கேக்கல."

திரும்பும் வழியில் நாத்தனார் ஆட்டோவில் விரல் நகத்தில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு வந்தாள். பிறகு, "ரெண்டு பேரும் காபி போடாம இருந்திருந்தா இந்தக் கேஸே இல்ல அண்ணி," என்றாள்.

நான்கு பத்துக்கு மறுபடி அந்த அறையில் இருந்தோம். படகுக்காரி புகாரை எழுதி முடித்திருந்தாள். டைப் அடித்ததுபோன்ற எழுத்து. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றேன். கைப்பையிலிருந்து சாம்பல் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "வளையம் முழுசா இருக்கா பாருங்க. சொட்டு இதைத் திறக்கல. யாரும் திறக்கல. நீங்களே உடைங்க. ரெண்டு கிண்ணம் எடுங்க. ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல ஆல்கஹால்."

அவள் உடைத்தாள். தண்ணீரில் விழுந்த சொட்டு புகைபோல் விரிந்து கலந்தது. ஆல்கஹாலில் விழுந்தது அங்கேயே சுருங்கி, இறுகி, ஒரு சின்ன சாம்பல் புழுவாகக் கீழே படிந்தது.

படகுக்காரி அந்தப் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேட்ச்சே கெட்டுப்போனதா இருக்கும்," என்றாள்.

"இந்தப் பெயிண்டுக்கு ஸ்பூன் எங்க?"

அவள் சுவரைப் பார்க்கவில்லை.

"வெள்ளைக்குக்கூட ஸ்பூன் வச்சிருக்கீங்க. நாலு மாசமா புது ஸ்பூன் இல்ல. வாழ்க்கையையே மாத்தப் போற கப்பல், அதுல மட்டும் சோதிக்காம நேரா அடிச்சிருக்கீங்க. இந்தப் பெயிண்ட் ஆல்கஹால்ல எப்படி வரும்னு நீங்க ஏற்கெனவே ஒரு இடத்துல கண்ணால பார்த்தாச்சு. அதனால ஸ்பூன் தேவைப்படல. எங்க பார்த்தீங்க?"

கம்ப்ரசர் தாழ்வாரத்தில் ஒருமுறை ஓடி நின்றது.

"அவ அலமாரில," என்றாள் கடைசியில். "மூணு வாரம் முன்னாடி. எல்லாமே அந்தப் பாட்டில். பக்கத்துல ஆல்கஹால். அவ கப்பலைப் பார்த்தீங்கல்ல? அந்தச் சாம்பலைப் பார்த்தீங்கல்ல? அதைப் பார்த்துட்டு வந்து என் ஜாடி ஒண்ணைக்கூட எனக்குப் பார்க்கப் பிடிக்கல. லேப்ல பல்லு செஞ்சுக்கிட்டு இருப்பேன், அந்தச் சாம்பல் கண்ணுல வந்து நிக்கும். அதே பாட்டில், அதே ஆல்கஹால். அவளுக்கு வந்தது எனக்கு மட்டும் எப்படி வராமப் போகும்? அவ ஏதோ செஞ்சாதானே வராமப் போகும்?"

நான் மூச்சை இழுத்தேன். இந்த இடத்தில் துப்பறிகிறவர் ஒரு நொடி நிறுத்துவார், எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். படகுக்காரி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"பாட்டில் மட்டும்தான் அது. உள்ள இருக்கறது வேற," என்றேன். "இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. இவ. இவ மூக்கு. சொல்லும்மா."

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கேலி எதுவும் இல்லை. பிறகு அவள், எந்த ஜோடனையும் இல்லாமல், சொட்டு ஏன் காலிப் பாட்டில்களைக் கழுவி வைத்துக்கொள்கிறாள் என்று சொன்னாள். உள்ளே ஊற்றுவது ஜாடிப் பெயிண்ட்தான் என்று சொன்னாள். "உங்க பெயிண்ட்தாங்க அது. நீங்க பதினோரு வருஷமா அடிக்கறதேதான்."

"என் பெயிண்டா?"

"பெயிண்ட் மட்டும் இல்ல," என்றேன். "நிறமும்."

இழுவைப் படகைப் பற்றி, பதினோரு முறை கலந்ததைப் பற்றி, கைப்பையில் போன ஸ்பூனைப் பற்றிச் சொன்னேன். படகுக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பல் மஞ்சள்," என்றாள் யாருக்கும் இல்லாமல். "ஈறுக்குப் பக்கத்துல, பல்லோட அடில ஒரு மஞ்சள் இருக்கும், பழுப்பும் இல்லாம மஞ்சளும் இல்லாம. லேப்ல தினம் அதைத்தான் பார்க்கறேன். அதை ஒரு ஊசி முனை அளவு சாம்பல்ல போட்டேன். அவளுக்கு எப்படி வரும்? அவ பல்லு செய்யலையே." அவள் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டாள். "அது என்னோடதுன்னு எனக்கே தெரியலயே. அவகிட்ட பார்த்ததும் அவ்வளவு நல்லா இருந்ததே."

அடுத்தவள் கையில் இருக்கும்போது நம்முடையதும் அழகாகிவிடுகிறது. நான் இந்த அலுவலகத்தைத் தொடங்கிய நாட்களில், வாடிக்கையாளர்களை ஒரு வார்த்தையில் சிரிக்க வைப்பேன் என்று என் கணவர் சொல்வார். எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. எட்டு மாதம் முன்பாக இருக்கலாம்.

"நாலு முப்பத்தஞ்சு," என்றாள் நாத்தனார்.

படகுக்காரி புகாரை எடுத்து நான்காக மடித்தாள். "குடுக்கல. அவ்வளவுதானே? அஞ்சு மணி ஆனா தானா போயிடும்."

"போகாது," என்றேன். "நீங்க வாயால சொன்னதை வச்சு அவங்க பேரை நிறுத்தி வச்சிருக்காங்க. நீங்க பேசாம இருந்தா அந்தச் சந்தேகம் அவங்களோட நாளைக்கு உள்ள போகும். நீங்கதான் எடுக்கணும்."

"எடுக்கறேன். ஆனா காரணம் கேப்பாரு." அவள் குரல் தணிந்தது. "அடுத்த போட்டியாளரோட வேலையைப் போய்ப் பார்த்து எதையும் எடுத்துக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். உண்மையைச் சொன்னா நான் வெளிய. பாட்டிலைத் தப்பா எடுத்துட்டேன்னு சொல்லலாமா?"

என்னைக் கேட்டாள். பதினோரு வருடம். பன்னிரண்டு கப்பல். பொய்யும் பெரிய பொய் இல்லை, பாட்டிலைத் தவறாகத்தான் எடுத்தாள், கடையில்.

"சொல்லலாம்," என்றேன். "நாங்க மறுக்க மாட்டோம். எங்களை அவர் கேக்கப் போறதும் இல்ல."

அவள் எண்ணை அழுத்தினாள். அமைதியான அறை, செயலாளரின் குரல் எங்களுக்கும் கேட்டது. புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். அவர் என்ன நடந்தது என்று கேட்டார்.

"பாட்டில..." என்று தொடங்கினாள். நின்றாள். கிண்ணத்தின் அடியில் கிடந்த சாம்பல் புழுவை விரல் நுனியால் தொட்டாள். "பெயிண்ட் தேர்ந்தெடுத்ததுல என் தப்பு சார். அவங்க எதுவும் செய்யல. நான் அவங்க அறைக்குப் போனப்போ அலமாரியைப் பார்த்தேன். பார்த்துட்டு வந்து அதே மாதிரி வாங்கினேன். எனக்கு வரலைன்னதும் அவங்க மேல சொன்னேன்."

செயலாளர், அப்படியானால் உங்கள் தோழியின் பெயர் சரியாகிவிட்டது, உங்கள் பெயரைப் பற்றி நான் தனியாக முடிவெடுக்க முடியாது, காலையில் குழு கேட்கும், கப்பலைக் கொண்டு வருவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம் என்று சொன்னார்.

"கொண்டு வர்றேன் சார்," என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்தாள். பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து, கப்பலின் மூக்கிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். புள்ளிகளும் நூல்களும் சாம்பல் துணுக்குகளாக உரிந்து வந்தன. கீழே வெறும் பிளாஸ்டிக், வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் தெரிந்தது. நாத்தனார் கேட்காமலே இன்னொரு பஞ்சை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனாள். "மருந்துக்கடைல பதினாலு வருஷம், ஒரு கப்பலுக்கும் ஊசி போட்டதில்ல," என்றாள். படகுக்காரி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

கதவை யாரோ தட்டினார்கள். அவள் கணவர். உள்ளே வராமல் வெளியிலிருந்தே கேட்டார்.

"ஆள் கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு," என்றாள் படகுக்காரி, துடைப்பதை நிறுத்தாமல்.

"யாரு?"

"நான்தான். இப்ப உள்ள வராதீங்க, காத்து அடிச்சா தூசி ஒட்டும். சாப்பிட ஏதாவது இருந்தா மூணு பேருக்கும் எடுத்து வைங்க, இது முடிய நேரமாகும்."